எல்லைக் கழிக்கு இந்தப் பக்கம்

வாங்க மேடம், வாங்க. இன்னாத்துக்கு இப்படி ஓடியாறீங்க? கரையெல்லாம் சேறு. வழுக்கி விட்டுச்சுன்னா பட்டணத்துல உங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? தோ, இந்த ஐஸ் பெட்டி மேல உக்காருங்க. காலிப் பெட்டிதான், நாத்தம் வராது. டிரைவர் தம்பி ஏன் வண்டியை ஓட விட்டே வெச்சிருக்கான்? டீசல் இன்னா ஏரித் தண்ணியா, சும்மா கெடைக்குதா? அணைக்கச் சொல்லுங்க. நீங்க வந்த வேலை லேசுல முடியாது.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேணாம். இந்த நாகபூஷணம், அதான் நான், எடுத்த உப்பு அளவு சரியில்ல, எல்லைக் கழிகிட்ட எடுக்கவே இல்ல, வேற எங்கியோ மொண்டு பார்த்திருக்கேன்னு உங்க ஆபீஸ்ல பேச்சு எழும்பிக்கினே இருக்குதாமே. மகளிர் குழுப் பொம்பளைங்க வந்து சொன்னாங்க. இப்ப உங்களை அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருக்காங்க. நல்லா விசாரிங்க. ஆனா நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு விசாரிங்க. நடுவுல பேசக் கூடாது.

இல்ல இல்ல, மொதல்ல நான். நீங்க அப்பால.

என் மனசு ஒரு நிலையில இல்ல மேடம். உக்காந்தா எழுந்துக்கலாம்னு இருக்குது, எழுந்தா எங்க போறதுன்னு தெரியல. அடுப்புல குழம்பைக் கொதிக்க விட்டுட்டுக் கரைக்கு ஓடியாறேன், கரையில நின்னா குழம்பு தீஞ்சிடுமோன்னு வூட்டுக்கு ஓடறேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. இந்த மனுஷன் வேற, எங்க வீட்டுக்காரரு. நேத்து சாயங்காலம் வலைக்கு நூல் வாங்கியாறேன்னு பஜாருக்குப் போனவரு, இன்னும் வரல. வீட்டுல இருக்கிறது ஒரே போனு, அதையும் எடுத்துக்கினு போயிட்டாரு. அளவெடுக்கறதுக்கு நீங்க குடுத்த போன்ல சிம்மு கிடையாது, படம் புடிக்க மட்டுந்தான் ஆவும், உங்களுக்கு அனுப்பறது குழுக்காரங்கதான். குடிக்கிற பழக்கமும் இல்லாத மனுஷன். இருந்தாலாவது எங்க விழுந்து கெடக்கறாருன்னு தேடிக்கினு போலாம்.

அவரைப் பத்தி நீங்க இன்னா சொல்லப் போறீங்க? உங்களுக்கு அவரை எப்படித் தெரியும், படகு ஓட்டற ஆளுன்னுதானே? சும்மா இருங்க.

சரி, விசயத்துக்கு வரேன். இந்தப் பழவேற்காடு ஏரி ரெண்டு கவர்மெண்டுக்கும் சொந்தம். தெக்கால நமக்குக் கொஞ்சம், வடக்கால ஆந்திராக்காரங்களுக்கு மீதி. மீனுக்கு அது தெரியாது, எறாவுக்குத் தெரியாது, உள்ளான் குருவிக்கும் தெரியாது. அதனால ரெண்டு பக்கமும் சேர்ந்து ஏரியைக் கண்காணிக்கணும்னு நீங்கதானே திட்டம் போட்டீங்க? நடு ஏரியில மஞ்சள் பெயிண்டு அடிச்சு ஒரு கழி நட்டீங்க. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், கடல் தண்ணி ஏத்தம் நல்லா இருக்கறப்போ, இந்தப் பக்கத்துப் படகு ஒண்ணு, அந்தப் பக்கத்துப் படகு ஒண்ணு, ரெண்டும் அந்தக் கழிகிட்ட வரணும். ரெண்டு பேரும் ஒரே தண்ணியில மீட்டரை வுட்டு உப்பு பார்க்கணும். கழியும் மீட்டரும் தெரியற மாதிரி படம் புடிக்கணும். ரெண்டு அளவும் ஒத்துப் போனாத்தான் ரெண்டு கவர்மெண்டும் நம்பும். அதுதானே?

அதுக்கு ஆள் தேடினப்போ என்னை ஏன் எடுத்தாங்க தெரியுமா? எட்டாவது படிச்சிருக்கேன்னா? அதெல்லாம் இல்ல. அந்தப் பக்கம் தோணித்திட்டுத் தீவுல இருந்து யாரு பேரு குடுத்தாங்களோ, அந்த போலம்மா எனக்குச் சம்பந்தி. என் பொண்ணு ஜீவிதாவை அவ புள்ளைக்குத்தான் குடுத்திருக்கேன். கூட்டத்துல உங்க பெரிய ஆபீசர் எழுந்து நின்னு சொன்னாரு: "ரெண்டு பேரும் சம்பந்தி. ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல வேற எங்க தகராறு வந்தாலும் இந்தப் படகுங்களுக்கு நடுவுல வராது." எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். போலம்மாவும் தட்டினா. அந்த ஆபீசருக்குக் கல்யாணம் ஆவலன்னு நினைக்கிறேன்.

மொத ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு. கழிகிட்ட ரெண்டு படகையும் சேர்த்துக் கட்டிட்டு, அவ கொண்டாந்த எறா வறுவலை நான் தின்னுவேன், நான் கொண்டாந்த கருவாட்டை அவ தின்னுவா. அவ பேசறது பாதி தெலுங்கு, பாதி தமிழு. எனக்கு ரெண்டும் புரியும். என் பேச்சு அவளுக்குப் புரியுதா இல்லையான்னு நான் கேட்டதில்ல. அவ பெருசா பேச மாட்டா, தலையை ஆட்டுவா. நல்ல பொம்பளைன்னு நினைச்சேன். பேசாதவங்களை நம்பக் கூடாது மேடம்.

ஆடி மாசம் எங்க எல்லையம்மனுக்குக் கூழ் ஊத்தினோம். சம்பந்தி வூட்டையும் கூப்பிட்டோம். ஜீவிதாவுக்கு அப்ப மூணாம் மாசம். எம்மாம் சந்தோசமா இருந்தேன் தெரியுமா? ஊரே கோயிலாண்ட நிக்குது. நான் கூழை ஊத்திக்கினே சொன்னேன், "அஞ்சாம் மாசம் வந்து மருந்து குடுக்கறேன், ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அழைச்சாந்துடறேன், தலைப்பிரசவம் எங்க வூட்டுல"ன்னு. உலகத்துல நடக்கிற வழக்கம்தானே? இதுல இன்னா தப்பு?

இந்த போலம்மா கூழ்ச் சட்டியைக் கீழ வெச்சிட்டுச் சொல்றா: "வதினா, அண்ணி, மழைக்காலத்துல உங்க குப்பத்துக்கு ரோடே இருக்காது. ராவுல வலி எடுத்தா ஆம்புலன்ஸ் வராது. எங்க பக்கம் அந்தக் கரை ஏறிட்டா ஆஸ்பத்திரி கிட்ட. அவளுக்கு ரத்தக்கொதிப்பு வேற இருக்குதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க. அங்கியே இருக்கட்டும்."

ஊர் நடுவுல மேடம். என் கோயிலாண்ட, என் கூழைக் குடிச்சிட்டு.

நான் சொன்னேன், "ஏன், எங்க ஊருல யாரும் புள்ளை பெத்துக்கலியா? நான் இவளைப் பெத்தது எங்க, ஆகாசத்துலயா?"ன்னு. அதோட நான் விட்டேனா? "உங்க தீவுல குடிக்கத் தண்ணி கிடையாது, படகுல கொண்டாந்து குடிக்கிறீங்க, நீங்க எங்க ரோட்டைப் பேசறீங்களா"ன்னு கேட்டேன். இன்னும் நாலு வார்த்தை கேட்டேன். அப்பத்தான் என் வயித்துல பொறந்த மகராசி வாயைத் திறந்தா. "அத்தை சொல்றது சரிதாம்மா. நான் அங்கியே இருக்கேன்."

ஏன்டின்னு கேட்டேன்.

"நிம்மதியா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. உங்கூட இருந்தா நிம்மதி எங்கம்மா?"

எப்படி இருந்திருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க. நான் இன்னா பண்ணிட்டேன் அவளுக்கு? பார்த்துப் பார்த்து வளர்த்தேன். வஞ்சிரம் பொரிச்சா நடுத்துண்டு அவளுக்குத்தான். நாலு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான். பேசாம இருக்கறதுக்கா ஆண்டவன் வாயை வெச்சான்? மாமியாக்காரி மந்திரம் போட்டுட்டா என் பொண்ணுக்கு. வேற இன்னா?

கற்பூரத்தை எடுத்துக் கொளுத்தினேன். எல்லையம்மன் முன்னாடி அணைச்சுச் சத்தியம் பண்ணேன். "இனிமே உங்க எல்லைக்குள்ள இந்த நாகபூஷணம் வந்தா என் குடும்பம் வெளங்காது." அவளுக்கும் ரோசம் வந்துடுச்சு. இன்னொரு கட்டியைக் கொளுத்தி அவளும் அணைச்சா. "உன் எல்லைக்கு நானும் வரமாட்டேன்." எங்க வீட்டுக்காரரு நடுவுல வந்து கையைப் புடிச்சாரு. உதறிட்டேன்.

இப்ப புரியுதா, எல்லைக் கழிகிட்ட நான் ஏன் போகலன்னு? அது சரியா எல்லையில நிக்குது. ஏத்தத்துல படகு ஒரு முழம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் போயிடும். நீங்க மீட்டர்ல பார்க்கறவங்க, உங்களுக்கு அது வெறும் தண்ணி. நான் சாமி முன்னாடி சொன்னவ. என் பொண்ணு வயித்துல புள்ளையை வெச்சிக்கினு இருக்கறப்போ குடும்பம் வெளங்காதுன்னு சொல்லிட்டு, அதை மீறுவேனா?

அதனால தள்ளியே நின்னேன். படத்துல கழி தெரியணும், அவ்வளவுதானே? ஏரி பூரா வலை கட்டற கழிதான். ஒண்ணைப் புடிச்சுப் படம் எடுத்தேன். மஞ்சள் பெயிண்டு இல்லையேன்னு உங்க ஆபீஸ்ல யாரும் கேக்கல. வெயில்ல போயிடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க.

அவ இன்னா பண்ணா தெரியுமா? சத்தியம் பண்ண சூடுகூட ஆறல, ஆவணி அமாவாசைக்கு என் பொண்ணைப் படகுல ஏத்திக்கினு வரா! புள்ளைத்தாச்சி மேடம்! ஆடற படகுல! எதுக்கு? எனக்குக் காட்டறதுக்கு. "பார்த்தியா, உன் பொண்ணு எங்கிட்டதான் இருக்கா"ன்னு. எம்மாம் திமிரு இருக்கணும்? நான் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, படகைப் பின்னால தள்ளுன்னு சொன்னேன். அவரு படகு தள்ளற கழியை ஊனிக்கினு வடக்கயே பார்த்துக்கினு நிக்கறாரு. தள்ளுய்யான்னு கத்தினேன். தள்ளினாரு.

அடுத்த பௌர்ணமிக்கும் ஏத்திக்கினு வந்தா. அதுக்கடுத்த அமாவாசைக்கும் வந்தா. புரட்டாசி போய் ஐப்பசி வந்துச்சு, மழை வந்துச்சு, அப்பவும் தலையில கோணியைப் போட்டு உக்கார வெச்சுக் கூட்டியாறா. அஞ்சாம் மாச மருந்து நான் குடுக்கல, கார்த்திகையில ஏழாம் மாச வளையலு நான் போடல. எல்லாம் அந்தப் பக்கத்துலயே நடந்து முடிஞ்சிடுச்சு. அந்த வளையலைப் போட்டுக்கினு படகுல உக்காந்திருக்காளாம், இவரு சொல்றாரு. நான் பார்க்கல. நான் முதுகைக் காட்டிக்கினுதான் உக்காந்திருப்பேன். அந்தப் பொண்ணு ஒரு தடவையாவது என் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பாளா? மாட்டா. அம்மாங்கற நினைப்பே இல்ல அவளுக்கு.

எப்படித் தெரியும்னா? பெத்தவளுக்குத் தெரியாதா?

அவங்க படகு கிட்ட வர வர நாங்க தெக்கால நகர்ந்தோம். நகர்ந்து நகர்ந்து எங்க ஊர் வாய்க்கால் வந்து விழற இடத்துக்கே வந்துட்டோம். அங்க மழைத் தண்ணி. மீட்டரை வுட்டா உப்பே ஏறல. நான் இன்னா பண்றது? மீட்டர் காட்டறதைத்தானே அனுப்ப முடியும்? பொய் அளவு போடல மேடம். அந்த ஒண்ணு மட்டும் நான் பண்ணல. எடம்தான் வேற.

அதுக்கப்பால உங்க ஆபீஸ்ல நடந்த கூத்து எனக்கும் தெரியும். எல்லையில உப்பு குறையுது, நல்ல தண்ணி வடக்கால ஏறுது, ஏரியே மாறிடுச்சுன்னு ஒரே பேச்சாம். அந்தப் பக்கத்து ஆபீசருங்க உங்க மீட்டர் பழுதுன்னாங்களாம். நம்ம ஆபீசருங்க உங்க மீட்டர்தான் பழுதுன்னாங்களாம். ரெண்டு பேருக்கும் புது மீட்டர் வந்துச்சு. புதுசுலயும் அதேதான் காட்டிச்சு. முகத்துவாரத்துல மண்ணு அள்ளலாமா வேணாமான்னு வெச்சிருந்த கூட்டத்தையும் தள்ளி வெச்சிட்டாங்களாம். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சொல்லிடலாம்னு ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா சொன்னா, போய்க் கழிகிட்ட எடுன்னு சொல்லுவீங்க. சத்தியம் இன்னா ஆவறது?

இன்னா மேடம், கையைப் புடிச்சு எழுப்பறீங்க? எங்க வரணும்? ஆபீசுக்கா? வரேன், முடிக்கலியே இன்னும். "உங்க பொண்ணு, உங்க பொண்ணு"ன்னு நாலு தடவை சொல்லிட்டீங்க. அவ பேச்சை நான் எடுக்கலாம், நீங்க எடுக்கக் கூடாது. எனக்கே கேக்கப் பயமா இருக்குது.

ஏன்னு சொல்றேன். போன பௌர்ணமிக்கு, இந்தத் தை மாசம், அந்தப் படகுல அவ இல்ல.

எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, "பொண்ணு வரலியே"ன்னு. அப்பத்தான் மொத தடவை நான் திரும்பிப் பார்த்தேன். போலம்மா மட்டும் நிக்கறா. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டறா. ஏதோ கத்தறா. காத்து அந்தப் பக்கமா அடிச்சுது, ஒண்ணும் கேக்கல. இவரு போலாம்ங்கறாரு, நான் வேணாம்ங்கறேன். அன்னியிலிருந்து இப்படித்தான் இருக்கேன். ஒம்பதாவது மாசம் மேடம். தைரியமா நாலு சண்டை போட்டவ நான், இப்ப அந்தப் பக்கம் ஒரு படகு வந்தாக்கூட இன்னா சேதியோன்னு கரைக்கு ஓடறேன். யாரைக் கேக்கறது? கேட்டா தோத்துப் போயிட்ட மாதிரி ஆயிடும்.

அதான் உங்களைப் பார்த்ததும் கேக்கணும்னு நினைச்சேன். நீங்க ரெண்டு பக்கமும் போறவங்க. ஆனா எடுத்த உடனே எப்படிக் கேக்கறது? சரி, அதை விடுங்க. அவ எடுத்த அளவைக் காட்டுங்க. போலம்மா எடுத்ததை. என்னை மட்டும் விசாரிக்கறீங்களே, அவ ஒழுங்கா எடுத்தாளா? படமெல்லாம் உங்க போன்ல வருமே. குடுங்க. அட, குடுங்க மேடம், அப்பால நீங்க சொல்றதைக் கேக்கறேன், எல்லையம்மன் சத்தியமா.

இது எந்த எடம்? இந்தப் புள்ளி இன்னா? ஓ, எடுத்த எடமா? மஞ்சக் கோடு எல்லையா? மொத படம் கோட்டு மேலயே இருக்குது. ரெண்டாவது... கோட்டைத் தாண்டியிருக்குதே? மூணாவது இன்னும் இந்தப் பக்கம். ஹா! பார்த்தீங்களா? நான் சொன்னேன் இல்ல? எல்லையைத் தாண்டி நம்ம பக்கம் வந்து எடுத்திருக்கா! திருட்டு அளவு! நாகபூஷணத்தைப் புடிக்க வந்தீங்களே, இவளைப் புடிங்க. இது எங்க வாய்க்காலாண்ட வர எடம்தானே? எங்கேயிருந்து எங்க வந்திருக்கா பாருங்க. உன் எல்லைக்கு வரமாட்டேன்னு கற்பூரம் அணைச்சாளே, அவளுக்குச் சாமி கிடையாதா?

இதுல யாரு ஓரத்துல? பெருசு பண்ணுங்க.

ஜீவிதாவா இது? கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருக்குதே. மாமியாக்காரி சோறு போடறாளா இல்லையா? இது ஆவணி. கையை நெத்தியில வெச்சுக்கினு எங்க பார்க்கறா? அடுத்ததைக் காட்டுங்க. இதுலயும் அப்படியேதான். தலையில கோணி, மழை, இதுலயும் இந்தப் பக்கமாத்தான். மீட்டரைப் பார்க்கல, படம் எடுக்கறவங்களைப் பார்க்கல. இந்தப் பக்கம் இன்னா இருக்குது, தண்ணிதானே? தெக்கால...

தெக்கால நான் இருந்தேன்.

எல்லாத்துலயும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கினு இருக்கா மேடம். ஒண்ணு விடாம. இந்தப் படத்துல வளையலு தெரியுது. கையைத் தூக்கிக் காட்டறா. யாருக்குக் காட்டறா? என் முதுகுக்கா காட்டினா?

அப்ப போலம்மா படகை இவ்ளோ தூரம் ஓட்டியாந்தது... அவளும் கற்பூரம் அணைச்சவதானே? ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு தாண்டி வந்திருக்கா. புள்ளைத்தாச்சி அம்மாவைப் பார்க்கணும்னு கேட்டிருப்பா, இவ கூட்டியாந்திருக்கா. நான் தள்ளு தள்ளுன்னு... ஐயோ. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா?

தண்ணி வேணாம். உக்காரவும் வேணாம். நீங்க இப்ப சொல்லுங்க. நான் பேசல. சொல்லுங்க கண்ணு.

இன்னா?

பொறந்துடுச்சா?

எப்ப? விடியக்காலையிலயா? பொண்ணு குழந்தையா? ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? இருங்க, இருங்க, மறுபடி சொல்லுங்க. ஏம்மா, இதை வந்த உடனே சொல்ல வேணாமா? நான் இம்மாம் நேரமா ஏரிக்கதை பேசிக்கினு இருக்கேனே! யாரு சொன்னது உங்களுக்கு? எங்க வீட்டுக்காரரு போன்ல சொன்னாரா? அவரு எப்படி அங்க போனாரு? எந்த ஆஸ்பத்திரி?

பொன்னேரியா?

நம்ம பொன்னேரியா? இந்தப் பக்கமா?

வலி எடுத்ததும் போலம்மா படகுல போட்டு இங்க கொண்டாந்துட்டாளா? ஏன், அவங்க பக்கம்தானே கிட்டன்னு சொன்னா? ஜீவிதாதான் அடம் புடிச்சாளா, "தலைப்பிரசவம் அம்மா ஊர்ப்பக்கம்தான்"னு? அவளா சொன்னா? படகுத்துறையிலிருந்து போலம்மா இவருக்குப் போன் போட்டாளா? இவரும் பஜார்ல இருந்து நேரா ஓடிட்டாரா? நான் ராத்திரி பூரா வடக்கால தண்ணியையே வெறிச்சுக்கினு இந்தக் கரையில நின்னேன் மேடம். பொண்ணு என் முதுகுக்குப் பின்னால, பஸ் ஏறினா போற தூரத்துல வலியில கெடந்திருக்கா.

எனக்கு ஏன் சொல்லல? அந்த மனுஷன் ஒரு ஆளை அனுப்பக் கூடாதா? சொல்லுங்க. மறைக்காதீங்க, உங்க மூஞ்சியே சொல்லுது.

ஜீவிதா வேணாம்னு சொன்னாளா.

புள்ளை பொறக்கற வரைக்கும் அம்மாவைக் கூப்பிடாதீங்க, பொறந்ததும் கூப்பிடுங்கன்னு சொன்னாளா. போன பௌர்ணமியிலிருந்தே ரத்தக்கொதிப்பு ஏறிப் போயிருந்துச்சா? டாக்டரும் சத்தம் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களா?

சரி.

சரிதான். என் பக்கத்துக்கு வரணும்னு வந்திருக்கா, ஆனா நான் பக்கத்துல இருக்க வேணாம்னு சொல்லியிருக்கா. ஊரைக் கூட்டி நான் கேட்டது நடந்துடுச்சு மேடம். தலைப்பிரசவம் எங்க பக்கம்தான் ஆச்சு. நான்தான் அங்க இல்ல.

அழல. கண்ணுல மண்ணு. போலாம் வாங்க. வண்டியை அணைக்கச் சொல்லிட்டேனே, எடுக்கச் சொல்லுங்க அந்தத் தம்பியை. இருங்க, ஒரே நிமிசம், அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன். குழம்பை ஒரு தூக்குல ஊத்திக்கறேன், சோறும் கொஞ்சம். ஜீவிதாவுக்கு இல்ல மேடம், பச்ச உடம்புக்காரிக்கு இந்தக் குழம்பைக் குடுப்பாங்களா? இது போலம்மாவுக்கு. ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருப்பா, எங்க சாப்பிட்டிருக்கப் போறா? இந்த மனுஷனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்னுகூடத் தோணியிருக்காது.

அடுத்த அமாவாசைக்கு நான் கழிகிட்ட வரேன். சாமிகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க அளவை மட்டும் பாருங்க.

இந்தக் குழம்புல காரமே இல்லன்னு சொல்லுவா பாருங்க, ஆந்திராக்காரி. சாப்பிடறதுக்கு முன்னாடியே மூஞ்சியைச் சுளிப்பா. சுளிக்கட்டும். பொண்ணு ஏன் லேட்டுன்னு கேட்டாலும் கேப்பா, கேக்கட்டும். நான் அந்த வார்டுக்குள்ள போய்ப் புள்ளையைக் கையில வாங்கிக்கினு ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன் மேடம். நான் பேச ஆரம்பிச்சா நீங்க என் கையைக் கிள்ளுங்க.